நான்காம் தளம் போட்டாயிற்று

படப்பைச் சாலையில், ஏரிக்கரை முடிந்து கல்யாண மண்டபம் தொடங்குகிற இடத்தில், ஒரு நான்காம் தளம் இருந்தது. அதற்குக் காசு வாங்கியாயிற்று, ரசீது கொடுத்தாயிற்று, கான்கிரீட் மட்டும் போடவில்லை. போடாத அந்தத் தளத்தின் மேல்தான் நாங்கள் குடியிருந்தோம், சமைத்தோம், சண்டை போட்டோம், துணி காயப்போட்டோம், ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தோம். இதைப் பொய் என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், அவர் ஞானசிகாமணியிடம் வீடு வாங்கியதில்லை என்று அர்த்தம்.

ஞானசிகாமணி என்பவர் பொற்கூடம் பில்டர்ஸின் முதலாளி. நெற்றியில் சந்தனம், சட்டைப்பையில் சாமி படம், வாயில் எப்போதும் வெல்லம். கட்டக் கட்டக் காசு கொடுத்தால் போதும் என்றார். கடைக்கால் போட்டால் இவ்வளவு, முதல் தளம் போட்டால் இவ்வளவு, இரண்டாம் தளம் போட்டால் இவ்வளவு, சுவர் எழுப்பினால் இவ்வளவு, சாவி கொடுக்கும்போது மிச்சம் இவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்ல, எங்களுக்குக் காதில் தேன் பாய்ந்தது. மூன்றாம் தளம் வரைக்கும் கட்டடம் முன்னால் போனது, எங்கள் பணம் பின்னால் ஓடியது. அதற்கப்புறம் பணம் முன்னால் போய்விட்டது, கட்டடம் நாலு வருஷமாகியும் பின்னால் வரவே இல்லை. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன புண்ணியவான், வீட்டைக் கட்டித் தருகிறேன் என்று ஒருத்தன் வருவான் என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டான்.

நாலாம் மாடியில் முதல் வீடு புனிதவதியுடையது. அவள் தாம்பரத்தில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஒரு தையல் விலகியிருந்தாலும் சட்டையைத் தூக்கி வீசுவதுதான் அவளுக்குச் சம்பளம் வாங்கித் தருகிற வேலை. புருஷன் கஜபதி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், சத்தமாக ஹாரன் அடிக்கக்கூட யோசிக்கிற மனிதர். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு. எந்த வீட்டுக்குப் போனாலும் ஹவுஸ் ஓனர் முதலில் சொல்வது ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும், சாமி படம் அலமாரியில் சாய்ந்து நிற்கும், கஜபதியின் சட்டை கதவின் மேல் கிடக்கும். தன் சுவரில் ஒரு ஆணி, அதை யாரையும் கேட்காமல் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் புனிதவதியின் ஆசை. அந்த ஆணியை அவள் ஏற்கெனவே வாங்கிக் கைப்பையில் போட்டு வைத்திருந்தாள்.

நான்காம் தளம் போட்டாயிற்று, அடுத்த தவணை கட்டவும் என்று கடிதம் வந்தது. வங்கியிலிருந்து ஒரு இன்ஜினியர் கையெழுத்துப் போட்டு, பணமும் போய்விட்டது. கடிதத்தோடு ஒரு போட்டோ இருந்தது. அதில் இருந்த கட்டடத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு இருந்தது. எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் பஞ்சர் கடைதான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் எல்லோரும் கிளம்பிப் போய், பொற்கூடத்தின் மேனேஜர் சௌந்தரைப் படி படியாக ஏற்றிக்கொண்டு, நாலாம் மாடிப் படிக்கட்டின் கடைசிப் படியில் நிறுத்தினோம். அதற்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள், அதற்கும் அந்தப் பக்கம் ஆகாயம்.

"எங்கய்யா தளம்? கம்பிதான் தெரியுது. கம்பி மேல காக்கா உக்காந்திருக்கு" என்றாள் புனிதவதி.

"மேடம், டிமாண்ட் லெட்டர் வந்துடுச்சுன்னா தளம் போட்டாச்சுன்னு அர்த்தம். பேங்க்லயே ஒத்துக்கிட்டாங்க. நீங்கதான் நெகடிவா பேசறீங்க. நம்பிக்கை வேணும் மேடம்."

"போட்டாச்சுன்னு உன் வாயால சொல்ற?"

"போட்டாச்சு மேடம்."

"அப்ப நான் என் வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

செருப்பைக் கழற்றிப் படியில் விட்டாள். புது வீட்டுக்குள் போகிறவர்கள் எப்படிப் போவார்களோ அப்படி வலது காலை எடுத்து வைத்தாள். கஜபதி "அடியே புனிதா!" என்று கத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணைத் திறந்தபோது, ஹால் வர வேண்டிய இடத்தில், ஆகாயத்தின் மேல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். குதிகாலால் இரண்டு முறை ஓங்கி மிதித்துப் பார்த்தாள்.

"ஏங்க, ஹால் சின்னதா இருக்கு. பிளான்ல பெருசா காட்டுனாங்க" என்றாள். "டேப் கொண்டாங்க, அளக்கணும்."

கஜபதி போனார். தாங்கியது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவரும் எங்கள் சங்கத்துச் செயலாளருமான ஸ்டீபன்ராஜ் போனார். தாங்கியது. நான் போனேன், என் பெண்டாட்டி போனாள். இது என்ன கூத்து என்று சௌந்தரும் ஒரு காலை வைத்தான். அவன் ஷூ மட்டும் கழன்று கீழே மூன்றாம் தளத்தில் போய் விழுந்தது. காசு கட்டினவரைத் தாங்கும், கட்டாதவரைத் தாங்காது என்று அப்போதே எங்களுக்குப் புரிந்துவிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, நியாயம்தானே என்று எல்லோரும் பேசிக்கொண்டு, எந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் சமையலறை என்கிற சண்டையைத் தொடங்கினோம்.

வாடகையும் கட்டி வங்கித் தவணையும் கட்டி எங்கள் முதுகெலும்பு தேய்ந்திருந்தது. அதனால் அந்த மாதமே சாமான்களை ஏற்றிவிட்டோம். சுவர் இல்லை, கூரை இல்லை. தார்ப்பாயும் புடவையும் கட்டிக்கொண்டோம். காசு கொடுத்து வாங்கின சாமான் நின்றது, இரவல் சாமான் நிற்கவில்லை. என் பெண்டாட்டி பக்கத்துத் தெருவில் இரவல் வாங்கி வந்த இட்லிப் பானை, வைத்த கையோடு உள்ளே போய் மூன்றாம் தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனின் கட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்தது. கடன் சொல்லி வாங்கின பால் பாக்கெட்டும் அப்படியே போனது, அதிலிருந்து அண்ணாச்சி கடையில் எங்களுக்குக் கடன் பழக்கமே ஒழிந்தது. மழை காசு கட்டாததால் தளத்தில் தேங்காமல் நேராகக் கீழே போய்விடும். கேனில் வாங்கின தண்ணீர் கொட்டினால்தான் துடைக்க வேண்டியிருக்கும். கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் உள்ளங்கால்கள் தெரிகின்றன என்று பெண்கள் கோபித்துக்கொண்டதால், எல்லா வீட்டுக்கும் கோரைப்பாய் வாங்கிப் போட்டோம். சாலையில் போகிறவர்கள் முதல் வாரம் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். அடுத்த வாரம் வழி சொல்வதற்கு எங்களை அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்: அந்தரத்தில் வேட்டி காயுது பாருங்க, அங்கே லெஃப்ட். கரண்ட் கேட்டால் கட்டடம் முடியவில்லை என்று சொன்ன ஊர், வீட்டு வரி போடுவதற்கு மட்டும் ஒரு சந்தேகமும் கேட்காமல் நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தது.

நாங்கள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. பால் காய்ச்சினோம்.

எப்படிக் காய்ச்சாமல் இருப்பது? குடிவந்த வீட்டில் பால் பொங்காமல் உலை வைக்க எந்தப் பெண்ணின் கை துணியும்? புனிதவதி நாள் பார்த்தாள், மாவிலையைக் கம்பியில் கட்டினாள், சொந்தபந்தத்தை எல்லாம் கூப்பிட்டாள். வந்தவர்கள் கடைசிப் படியில் நின்று ஒவ்வொருவராகக் கால் வைத்தபோதுதான் குடும்பத்தின் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. புனிதா வீட்டுக்கு நான் எவ்வளவு செய்திருக்கிறேன் தெரியுமா என்று போகிற கல்யாணத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஏகாம்பரம் சித்தப்பாவின் கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. அவரைப் படியிலேயே உட்கார வைத்து அங்கேயே கேசரி கொடுத்தோம். மகா கஞ்சம் என்று எல்லோரும் பேசின தம்பி பெண்டாட்டி தேன்மொழி, யாரையும் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு நேராக உள்ளே நடந்து போனாள். அவளுடைய வளையல்தான் இரண்டாம் தளத்துத் தவணை என்பது அன்றைக்குத்தான் புனிதவதிக்குத் தெரிந்தது. தம்பியை முறைத்தாள், அப்புறம் தேன்மொழியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. சௌந்தர் ஸ்வீட் பெட்டியோடு வந்து, படியிலேயே நின்று, எல்லோரும் சிரிங்க என்று சொல்லிப் போட்டோ எடுத்தான். நாங்களும் பல்லைக் காட்டினோம்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வீடு கடிதம் வந்தது. புது வீட்டில் குடியேறியமைக்கு வாழ்த்துகள் என்று ஆரம்பித்து, குடியேறிவிட்டதால் சாவித் தவணை முழுவதையும் கட்டவும், தாமதத்துக்கு இனிமேல் எந்த நஷ்டஈடும் கேட்க முடியாது, பராமரிப்புக் கட்டணம் தனி, கார் நிறுத்துமிடம் தனி, தடையற்ற காற்றோட்டத்துக்குக் கூடுதல் கட்டணம் தனி என்று முடிந்திருந்தது. அத்தாட்சியாக எங்கள் போட்டோ. பால் பொங்குகிறது, நாங்கள் சிரிக்கிறோம். அதைப் பார்த்தபோது என் வயிறு எரிந்தது. சுவர் கட்டாத பாவி, சுவர் இல்லாததற்கும் காசு கேட்கிறான்.

ஸ்டீபன்ராஜ் கூட்டம் போட்டார். கார்டு வேலை பார்த்தவர், எதையும் பச்சைக்கொடி காட்டி நிதானமாகத்தான் செய்வார். வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்தில் 'வீட்டைக் கொடு, இல்லையேல் பணத்தைக் கொடு' என்று எழுதி, ஏரிப் பக்கம் பார்க்கக் கட்டினோம். ஏரிக்கு அந்தக் கரையில் ஞானசிகாமணியின் புது பங்களா இருந்தது. எங்கள் கட்டடம் நின்றுபோன அதே காலத்தில் வளர்ந்த பங்களா அது. எங்களுக்கு வர வேண்டிய கலவை லாரிகள் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் திரும்பி அந்தப் பக்கம் போனதை எல்லோரும்தான் பார்த்தோம். பால்கனியில் காபி குடித்துக்கொண்டே அவர் எங்கள் துணியை வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டுச் சிரித்திருக்கிறார். நாலு வருஷமாக நாங்கள் தொண்டை கிழியக் கேட்டதில் இரண்டாவது பாதியை நிறைவேற்றிவிடலாம் என்று அன்றைக்கு முடிவு பண்ணினார்.

மறுநாள் ஸ்டீபன்ராஜ் கம்பியில் கண்ணாடி மாட்டி ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். போன் மணி அடித்தது. உங்கள் கணக்கில் பணம் வரவு வைக்கப்பட்டது என்று ஒரு குறுஞ்செய்தி. அவர் அதை வாசித்து முடிக்கவில்லை. கையில் குவளையோடு, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, ஒரு சத்தம்கூடப் போடாமல் கீழே போய்விட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் புனிதவதியைப் பார்த்து, "முழுசா வந்துடுச்சும்மா. வட்டிதான் வரல" என்றார். சிரித்தார். சிரித்தபோது வலித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

சாவித் தவணை கட்டாதவர்கள் எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை பணம் திருப்பித் தரப்படும் என்று சௌந்தர் வாட்ஸ்அப்பில் போட்டான். பணத்தைக் கொடு என்று கேட்டவர்கள் பணம் வந்துவிடுமோ என்று நடுங்கினோம். சாந்தி முகூர்த்தம் மாதிரி நாள் குறித்துப் பயமுறுத்துகிறான் பாருங்கள். இறங்கிப் போகலாம் என்றால் போவதற்கு இடமில்லை, வாடகை முன்பணத்தை எல்லாம் எப்போதோ தவணையில் போட்டுவிட்டோம். கயிறு வாங்கினோம். கம்பி நிஜமான கம்பி என்பதால் ஒரு நுனியை அதில் கட்டி, மறு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு படுத்தோம். மாட்டைக் கட்டுகிற கயிற்றால் கஜபதி தன்னைக் கட்டிக்கொண்டதைப் பார்த்த புனிதவதிக்கு, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. அவிழ்க்கச் சொன்னாள்.

"வேனை எடுங்க."

"எங்கடி?"

"அவன் வீட்டுக்கு. அவன் சட்டையப் புடிச்சு ரெண்டு கேள்வி கேக்கணும். அப்புறம் விழுந்தா விழறேன்."

எல்லோரும் வேனில் ஏறினோம். எல்.கே.ஜி. சீட்டில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, ஏரியைச் சுற்றி, பங்களா வாசலில் போய் இறங்கினோம். எம்.டி. பூஜையில் இருக்கிறார் என்று செக்யூரிட்டி சொல்லி முடிப்பதற்குள் புனிதவதி வாசற்படிக்குப் போய்விட்டாள். அவ்வளவு கோபத்திலும் செருப்பைக் கழற்றினாள், வலது காலைத்தான் வைத்தாள். பழக்கம்.

அவள் கால் பட்டதும் அந்தப் பளிங்குத் தரைக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

"வாங்கம்மா, வாங்க, உக்காருங்க. எதுக்கு இவ்ளோ கோவம்? பிசினஸ்னா நாலும் இருக்கும்" என்று கைகூப்பிக்கொண்டு வந்த ஞானசிகாமணி, மூன்றாவது எட்டில் கணுக்கால் வரைக்கும் போனார், நாலாவது எட்டில் முழங்கால் வரைக்கும் போனார். பட்டு வேட்டி பளிங்கின் மேல் விரிந்தது. நாங்கள் அதே தரையில் திடமாக நின்றுகொண்டிருந்தோம். எங்கள் நான்காம் தளம் எங்கே போயிற்று என்று நாலு வருஷமாகத் தேடினோமே, இதோ, காலுக்குக் கீழே, இத்தாலியப் பளிங்கு ஒட்டி, பாலிஷ் போட்டு, பளபள என்று கிடக்கிறது. எனக்கு அதை மிதிக்க மிதிக்க ஆத்திரம் அடங்கவில்லை.

"சௌந்தரு! எல்லாருக்கும் பணத்தப் போட்டு விடுடா! இப்பவே போடு!" என்று கத்தினார் ஞானசிகாமணி. இடுப்பு வரைக்கும் போயிருந்தார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த சௌந்தர், "அக்கவுண்ட்ல எங்க சார் இருக்கு? ஒருத்தருக்குத்தான் இருந்துச்சு, அத அந்த ஸ்டீபன்ராஜுக்குப் போட்டாச்சு. மிச்சமெல்லாம் இங்கதான சார் போட்டோம்" என்று தரையைக் காட்டினான்.

அப்படியானால் வெள்ளிக்கிழமை எங்களுக்கு வருவதாக இருந்த பணம் இல்லவே இல்லை. இல்லாத பணத்துக்குப் பயந்து மாடு மாதிரி கயிறு கட்டிப் படுத்திருந்தோம். கஜபதி, ஹாரன் அடிக்கக்கூட யோசிக்கிற கஜபதி, "அடப்பாவி!" என்று அந்த வீடு அதிரக் கத்தினார்.

ஸ்டீபன்ராஜுக்குத் திருப்பிக் கொடுத்த காசுக்கு ஈடாக, ஊஞ்சலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு துண்டுத் தரை மட்டும் ஞானசிகாமணிக்குச் சொந்தமாக இருந்தது. தவழ்ந்து போய் அதன் மேல் ஏறி உட்கார்ந்தார். அவருடைய மனைவி வசுந்தரா அம்மாள் சமையலறையில் அசையாமல் நின்றிருந்தார். "இது எங்கப்பா குடுத்த சீர் பணத்துல போட்ட தரை" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் காபி போட அடுப்புப் பக்கம் திரும்பினார்.

"கட்டிக் குடுத்துடறேம்மா. சத்தியமா கட்டிக் குடுத்துடறேன். என்னை வெளிய விடுங்க" என்றார் ஞானசிகாமணி.

"கட்டக் கட்ட விடறோம் சார்" என்றாள் புனிதவதி. "நீங்க எழுதின அக்ரிமென்ட்டுதானே. தளம் போட்டா கொஞ்சம், சுவர் எழுப்பினா கொஞ்சம், சாவி குடுக்கும்போது வாசப்படி."

"பாத்ரூம் வரைக்குமாவது விடும்மா."

"அது பிளம்பிங் கட்டத்துல வருது சார்."

வசுந்தரா அம்மாள் சமையலறையிலிருந்தே ஒரு வாளியை நீட்டினார்.

நாங்கள் பாயைக் கொண்டுவந்து அந்த ஹாலிலேயே விரித்தோம். ஸ்டீபன்ராஜை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து அவருடைய சொந்தக் கட்டிலில் ஊஞ்சலுக்கு எதிரே படுக்க வைத்தோம். காசு திரும்பி வந்துவிட்டதே, தரை அவரைத் தாங்குமா என்று பயந்தோம். வட்டி பாக்கி இருந்ததால் தாங்கியது. ஞானசிகாமணி தன் துண்டுத் தரையில் உட்கார்ந்தபடி போனிலேயே காரை விற்றார், ஏற்காட்டுத் தோட்டத்தை விற்றார், சிமெண்டுக்குச் சொல்லி அனுப்பினார். நாலாம் நாளே, நான்காம் தளம் போட்டாயிற்று என்று சௌந்தர் போட்டோ அனுப்பினான். ஞானசிகாமணி முகம் மலர்ந்து எழுந்து ஒரு எட்டு வைத்தார், கழுத்து வரைக்கும் போனார். போட்டோவில் கட்டடத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு இருந்தது. தான் கண்டுபிடித்த பொய்யைத் தானே நம்பி இறங்கின மனிதரை நாலு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தோம், பாவம் பார்த்து அல்ல, அவர் உயிரோடு இருந்தால்தான் சிமெண்ட் வரும் என்பதற்காக.

அப்புறம் நிஜமாகவே போட்டார்கள். கலவை லாரி கல்யாண மண்டபத்துக்கு முன்னால் திரும்பாமல் நேராக எங்களிடம் வந்தது. தளம் இறுகி, தண்ணீர் கட்டி, பலகை பிரித்த நாளில் புனிதவதி போய்ப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கடைசிப் படியில் விட்டுவிட்டு ஏறினாள். கூடவே சௌந்தர் ஏறினான், தாங்கியது. ஏகாம்பரம் சித்தப்பா ஏறினார், அவரையும் தாங்கியது. தெருநாய் ஒன்று ஏறிப் படுத்தது. சாயங்காலம் ஒரு மழை பெய்து, தண்ணீர் ஹாலின் மூலையில் தேங்கி நின்றது. யார் காசு கட்டினார், யார் கட்டவில்லை என்று கேட்காமல் எல்லோரையும் தாங்குகிற அந்தத் தரையில் குந்தி உட்கார்ந்து, புனிதவதி முந்தானையால் தண்ணீரைத் துடைத்துத் துடைத்து அழுதாள். இவ்வளவுதானே, இதைத்தானே கேட்டோம் என்று திட்டிக்கொண்டே அழுதாள்.

அன்றைக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் ஞானசிகாமணிக்குக் குளியலறை வாசல் வரைக்கும் தரை கிடைத்தது. வாசல் வரைக்கும்தான்.

சுவர் எழும்பியது. பூச்சு இன்னும் காயவில்லை, இப்ப அடிச்சா பேந்துடும்க்கா என்று கொத்தனார் சொன்னதைப் புனிதவதி காதில் வாங்கவில்லை. கைப்பையிலிருந்து அந்த ஆணியை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அது துருப்பிடித்திருந்தது. செங்கல் ஒன்றை எடுத்து, ஹாலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், ஓங்கி ஓங்கி அடித்தாள்.

சாமி படமா, காலண்டரா என்று கஜபதி இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டையும் வாங்கவில்லை. படுக்கும்போது அவர் இடுப்பில் கட்டிக்கொண்ட மாட்டுக் கயிற்றைச் சுருட்டி, அந்த ஆணியில் மாட்டினாள்.

"இருக்கட்டும்" என்றாள். "வர்றவங்க கேப்பாங்க. சொல்லணும்."